ஸ்டெல்லா மேடையேறிய மாலை

பிரான்சுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கோட்டு வாங்கக் கடைக்குப் போனேன். கடைப்பெண் என் கண்ணை மட்டும் பார்த்து, ரொம்ப மரியாதையாக ஏதோ கேட்டாள். அந்த முழு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்: தாய். "தேவதாயே" என்று ஜெபித்துப் பழகிய காது எனக்கு. அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி அம்மாவைப் பற்றி விசாரிக்கிறாளே என்று நெகிழ்ந்துபோனேன். இறந்துவிட்டார் என்பதற்கு அந்த ஊர்ச் சொல் எனக்குத் தெரியும். "மோர்த்" என்றேன். அந்தப் பெண் திகைத்துப்போய், கையிலிருந்த அளவு நாடாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவர்கள் பேச்சில் தாய் என்றால் உடம்பின் அளவு என்பது அன்று மாலை என் கணவர் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் அளவு என்ன என்று கேட்டிருக்கிறாள். செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கிறேன்.

புதுச்சேரியில் என் அளவை யாரும் கேட்டதே கிடையாது. அவர்களே சொல்லிவிடுவார்கள். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மா, "இன்னா பிலோ, இன்னும் ஒரு சுத்து ஏறிட்ட?" என்று சொல்லிவிட்டுத்தான் வஞ்சிரத்தில் கத்தியை வைப்பார். ஆட்டோக்காரர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியின் பின்சக்கரத்தைப் பார்ப்பார். மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், பங்குப் பெண்கள் ஆளுக்கொரு கஷாயம் சொல்வார்கள். பிரான்சில் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ரயிலில் கூட்டம் நெரித்தாலும் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும், அவ்வளவுதான். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த மௌனம் நாகரிகமாகத் தெரியலாம். என்னைப்போல அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காலி இருக்கையும் பேசத்தான் செய்கிறது.

பாரிசுக்கு வடக்கே எங்கள் புறநகரில், ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு வேலை. கூட வேலை செய்யும் அமினாட்டா மாலி நாட்டுக்காரி. என்னைவிட உயரம், என்னைவிடப் பருமன், மஞ்சளும் ஆரஞ்சுமாக உடுத்துவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன ஏது என்று சொல்லாமலே என்னை நகராட்சிக் கூடம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே பார்த்தால், எல்லாரும் எங்களைப் போன்ற பெண்கள். தங்களை அவர்கள் 'ரோந்த்' என்று சொல்லிக்கொண்டார்கள். உருண்டையானவர்கள் என்று பொருள். உடைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள், ஒருத்தி பாவாடையின் ஓரத்தை இன்னொருத்தி மடித்துத் தைத்தாள், பிறகு பாட்டைப் போட்டுவிட்டுக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிமிர்ந்து நடந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஊரையே கூப்பிட்டு மேடையிலும் நடப்பார்களாம். நான் மூன்று ஞாயிறு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நான்காவது ஞாயிறு, "அவான்ஸ், பிலோ, அவான்ஸ்!" என்று அமினாட்டா கத்தினாள். முன்னால் வா, முன்னால் வா. நடந்தேன். அடுத்த கோடையில் பட்டுப்புடவையில் மேடையேறினேன். அந்தப் படம் எப்படியோ கைப்பேசி கைப்பேசியாகப் போய்ப் புதுச்சேரி வரை வந்து சேர்ந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் வித்யா என்னைக் கூப்பிட்டாள். புதுச்சேரியில் வங்கி வேலையில் இருக்கும் பெண். மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் இதே போல ஒரு மாலை நடத்தப் போகிறார்கள், பருமனான பெண்கள் மட்டும், அவரவர் சொந்த உடையில். "அக்கா, நீங்க லீவுக்கு வர்ற சமயம்தான். கடைசியா நீங்க நடக்கணும்" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றேன். அங்கே அத்தனை பேர் முன்னால் நடந்தவளுக்குச் சொந்த ஊரில் என்ன பயம் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குப் பிறகு எனக்குப் புதுச்சேரி என்றால் மூலக்குளத்தில் என் தங்கை ஸ்டெல்லாவின் வீடுதான். ஸ்டெல்லாவும் என்னைப் போலத்தான், ஒரே உடல்வாகு. ஆனால் அவள் வெளியே வருவதையே நிறுத்தியிருந்தாள். காரணம் ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டு முடித்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது அதன் கால் முறிந்து, புடவையும் கையில் இருந்த ஐஸ்கிரீமுமாக மல்லாந்து விழுந்திருக்கிறாள். தூக்கிவிட வந்தவர்களைவிடப் படம் எடுத்தவர்கள் அதிகம். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அவள் கணவர் ஆரோக்கியத்தின் அலுவலகத்தில், விழுந்தது அவர் மனைவி என்று தெரியாமலே ஒருவர் அதை அவரிடம் காட்டிச் சிரித்திருக்கிறார். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதாராம். இதை ஸ்டெல்லா சொன்னபோது எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. அதற்குப் பிறகு அவள் தான் பாடிவந்த பாடகற்குழுவை விட்டாள். கோவிலில் கடைசி வரிசையில் நின்றே பூசை பார்த்தாள், பெஞ்சில்கூட உட்கார்வதில்லை.

ஒத்திகை வித்யா வீட்டு மொட்டைமாடியில். முதல் நாள், "நான் உன் பைய தூக்கிட்டு வரேன், அவ்ளோதான்" என்று ஸ்டெல்லா கூட வந்தாள். இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, எங்கள் நடையைக் கேலி செய்தாள். "ஏன் அக்கா, பஸ்ஸ விட்டுட்ட மாதிரி ஓடற?" மூன்றாம் நாள் வித்யா அவளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினாள். திட்டிக்கொண்டே நடந்தாள். முனை வரைக்கும் போய்த் திரும்பியவள் முகத்தில், பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிகளில் நான் பார்த்த பழைய ஸ்டெல்லா நின்றாள். அன்றே பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆரோக்கியத்திடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வித்யாவின் குழு எங்கள் எல்லார் முகத்தையும் போட்டு ஒரு அழைப்பைக் கைப்பேசிகளில் பரப்பிவிட்டது.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் போனை வைத்தார்.

"இது நீதான?"

"நான்தான்" என்றாள் ஸ்டெல்லா.

"திரும்பவும் ஆபீஸ்ல எவனாவது என்கிட்டயே வந்து காட்டுவான். நான் திரும்பவும் சிரிக்கணுமா?"

"அந்த வீடியோவுல நான் வுழுந்தேன். அதோட என் கத முடிஞ்சிடணுமா?"

நான் குறுக்கே போனேன். "தம்பி, இதுல வெக்கப்பட இன்னா இருக்கு? அங்க நானே..."

"அங்க" என்று அவர் நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, நீங்க பிளைட் ஏறிடுவீங்க. இந்தத் தெருவுல நடக்கப்போறது நானும் அவளும்."

நான் கொண்டுவந்திருந்த தைரியம் எல்லாம் திரும்பிப்போகும் டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்ததுதானோ என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டுமே. ஸ்டெல்லா சமைத்தாள், அவர் சாப்பிட்டார், யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் அவளைத் தனியே கூப்பிட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். "நீ வேணா வுட்டுடு" என்று சொல்லிவிட்டு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கப் போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. திரைக்குப் பின்னால் பதினாறு பெண்கள். பவுடரும் மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை. நான் திரையை லேசாக விலக்கிப் பார்த்தேன். அங்கேதான் என் கால் நின்றுபோனது. முன்வரிசையில் என்னோடு படித்த இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் பங்குப் பெண்கள், மறைக்கல்வி வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர். எல்லார் கையிலும் போன். பிரான்சில் நான் நடந்தபோது எதிரே இருந்தவர்கள் யாருக்கும் என் அப்பா பெயர் தெரியாது. நான் ஒல்லியாக இருந்த காலம் ஒன்று உண்டு என்றும் தெரியாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என் உடம்பு ஏறிய ஒவ்வொரு வருடத்தையும் பார்த்தவர்கள். "என்னால முடியல" என்றேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவள் உதடும் வெளுத்துத்தான் இருந்தது. "ஒக்காரு" என்று ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, அவள் பெயரைக் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

கருநீலப் புடவை, சிவப்பு ரவிக்கை. பாதி மேடை வரை நன்றாகத்தான் போனாள். அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு இளைஞனின் குரல் வந்தது. "சேர் பத்திரம்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. ஸ்டெல்லா நின்றாள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது; ரவிக்கையின் கீழ் மூச்சு ஏறி இறங்கியது. திரும்பி ஓடிவந்துவிடுவாள், கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கையை நீட்டித் தயாராக நின்றேன். வித்யா பாட்டை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள்.

பாட்டு நின்றதும் ஸ்டெல்லா மேடை விளிம்புக்குப் போனாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து, குரல் வந்த பக்கம் தேடினாள்.

"யார் தம்பி அது? உன் சேர கொண்டா. ஒக்காந்து காட்டறேன்."

அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் அவனைத் தோளில் தட்டி, "எழுந்துரு, குடுடா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். அவன் எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். ஹால் முழுக்கச் சிரித்தது. ஆனால் இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது. "வேணாமா? சரி, நீயே ஒக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் மீதி மேடையையும் நடந்து முடித்தாள். உள்ளே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்போ நீ போ" என்றாள்.

போனேன். என் நடையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக வந்த பிரான்சுக்காரியை அன்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தபோது வாசல் விளக்கு எரிந்தது. ஆரோக்கியம் ஹாலில் உட்கார்ந்திருந்தார். மேடை வீடியோ எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்து, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்றார். அவள் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, அதே தணிந்த குரலில் கேட்டார்.

"அக்கா, நீங்க எப்ப கெளம்பறீங்க?"

அவர் தேதி கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது. தன் மனைவி மேடையேறியதை அவரால் விழுங்கிக்கொள்ள முடிந்தது. அவளை ஏற்றிவிட்டு விமானம் ஏறப்போகிற என்னை முடியவில்லை. மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு லாட்ஜுக்குப் போனேன். ஸ்டெல்லா தடுக்கவில்லை. "நீ போக்கா. நான் இங்க இருக்கணும். இதுக்கு மேல நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்தது என்பதால் வலிக்காமல் போய்விடவில்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டெல்லா திரும்பவும் பாடகற்குழுவில் சேர்ந்துவிட்டாள். வித்யாவின் மொட்டைமாடிக்கு இப்போது புதிதாக வரும் பெண்களை அவள்தான் திட்டி நடக்க வைக்கிறாள். நோணாங்குப்பத்தில் படகில் ஏறப் பயந்த ஒரு பெண்ணுக்காகக் குழுவே திரண்டு போய், படகுக்காரரிடம் தகராறு பண்ணி, சேர்ந்து ஏறிப் போய்வந்தார்களாம். ஆரோக்கியம் அவளை ஒத்திகைக்குக் கொண்டுவந்து விடுகிறார். தெருமுனையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் காத்திருக்கிறார். என் பெயரை மட்டும் அவர் எடுப்பதில்லை. அந்த வீட்டுக்கு என்னை யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இந்த முறை விமான நிலையத்திலிருந்து நேராகக் கடற்கரைப் பக்கம் உள்ள லாட்ஜுக்கே வந்து இறங்கினேன். நேற்று மாலை ஸ்டெல்லா தூக்குப் பாத்திரத்தில் வஞ்சிரக் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். கட்டில்மேல் செய்தித்தாளை விரித்து இருவரும் சாப்பிட்டோம். அடுத்த நிகழ்ச்சிக்கு உடுத்தப்போகும் துணியைக் காட்டினாள், யார் யாருக்கு என்ன நிறம் என்று பேசினோம், அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். இருட்டிக்கொண்டு வந்தது. அறையிலிருந்த போன் மணியடித்தது. கீழே வரவேற்பில் இருந்த பெண்.

"மேடம், விசிட்டர் இருந்தா கெளம்பச் சொல்லிடுங்க. ரூம்ல அலோ பண்றதில்ல."

"இன்னாவாம்?" என்று ஸ்டெல்லா முள்ளைச் சப்பிக்கொண்டே கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்து, விரலை நக்கி, பாத்திரத்தை மூடினாள். கீழே வரைக்கும் கூடப் போனேன். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, "நாளைக்கு இன்னா கொழம்பு வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மூலக்குளம் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். நான் பிறந்த ஊரின் தெருவில், கையில் மீன் வாசனையும் அறைச் சாவியுமாக, லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காவலாளி கேட்டைப் பாதி சாத்திவிட்டு என்னைப் பார்த்து, "உள்ள வர்றீங்களா மேடம், வெளிய போறீங்களா?" என்றார்.