உரிய கவனத்தில்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் உணவுக்கூடத்தைத் துடைப்பது என் பணியாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகள் ஆங்கிலமும் தமிழும் கற்பித்தவன் நான். மனைவியை இங்கு அழைக்க விண்ணப்பித்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அக்காலத்தில் அகதிகளாய் வந்த எங்களுள் பலருக்கும் இதுவே நிலை: விண்ணப்பங்கள் தலைநகருக்குச் சென்றன, மனைவியர் வரவில்லை. "தம்பி இந்தியாவுக்கு வள்ளத்திலை வரச்சொல்லுறான். போகட்டோ, இருக்கட்டோ?" என்று ஊரிலிருந்து அவள் கேட்டு எழுதியிருந்தாள்.

கூடத்தில் எல்லோரும் எழுந்துபோன பின்னும் ஓர் அம்மையார் அமர்ந்திருப்பார். டென்மார்க்கிற் பிறந்து, ஆங்கிலேயப் பிரபு ஒருவரை மணந்து, அவர் அமைச்சராயிருந்த காலமெல்லாம் இலண்டனில் வாழ்ந்து, கைம்பெண்ணாய்த் திரும்பியவர். விருந்தினர் அனைவரும் உண்டு முடிக்கும்வரை இல்லத்தலைவி எழலாகாது என்பது அவர் வாழ்ந்த வீட்டின் விதி. மிக மெதுவாக உண்ணும் கிழவர் ஒருவர் கரண்டியை வைக்கும்வரை இங்கும் அவர் அசையமாட்டார். துடைப்பத்துடன் நானும் காத்திருப்பேன். அப்படித்தான் ஆங்கிலத்தில் உரையாடத் தொடங்கினோம்.

"முப்பது ஆண்டுகள், என் மேசையில் என்னருகே யார் அமர்வதென்று நான் தீர்மானித்ததில்லை," என்றார் ஒருநாள். "பதவி வரிசைதான் தீர்மானித்தது."

என் அறையைப் பகிர்ந்திருந்த மன்னார் நண்பரிடம் இதைச் சொன்னேன்.

"மாஸ்டர், உங்களுக்கென்ன விசரே? மந்திரியின்ரை பெஞ்சாதியைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு நிலம் துடைக்கிறியள். ஒரு கடிதம் கேளுங்கோவன்!"

"அது முறையில்லை."

"ஓமோம். ஊரிலை இடமாற்றத்துக்கு எம்.பி.யின்ரை வாசல்லை நிக்கேக்கை முறையாயிருந்ததாக்கும்."

உண்மைதான், நின்றிருந்தேன். பெரியவர் ஒருவரின் பரிந்துரையின்றி எங்கள் ஊரில் எக்காரியம்தான் நிறைவேறியது? மறுநாள் கழுத்துப்பட்டி அணிந்து, தலைநகரிலிருந்து எனக்கு வந்திருந்த பதில் மடலை அம்மையாரிடம் நீட்டினேன்.

அவர் தொடக்கத்தைப் படிக்கவில்லை. விரல் நேரே மூன்றாம் வரிக்குச் சென்றது.

"'தங்கள் விண்ணப்பம் உரிய கவனத்தில் இருக்கிறது.' இதை நான் பன்முறை எழுதியிருக்கிறேன். கணவர் உதவ விரும்பாத மடல்களை இடப்பக்கம் வைப்பார். அவற்றுக்கு இந்த வரியை எழுதுவது என் வேலை. என் கையெழுத்து கனிவானதாம். மறுத்தால் வாதிடுவார்கள், இப்படி எழுதினால் காத்திருப்பார்கள் என்பார்."

"எத்தனை காலம்?"

"அவர்களே எழுதுவதை நிறுத்தும்வரை."

ஆயினும் எனக்காகத் தலைநகருக்கு எழுதினார். கீழே ஒப்பமிடுமுன் எழுதுகோல் சற்று நின்றது. பின்னர் கணவரின் பிரபுப் பட்டத்தையே எழுதினார். அதைத் தவிர்த்து அவருக்கு வேறு ஒப்பம் பழகவில்லை.

ஆறு வாரங்களின் பின் பதில் வந்தது. மேசைக்கு எதிரே நின்ற என்னிடம் அதை நீட்டினார். பணிவான நன்றிக்குக் கீழே, மூன்றாம் வரியில், அதே தொடர். அவர் எழுந்துபோக விரும்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. கிழவர் இன்னும் உண்டுகொண்டிருந்தார். அம்மையார் அமர்ந்தே இருந்தார்.

அன்று பிற்பகல் மனைவிக்கு எழுத அமர்ந்தேன். வள்ளத்தில் போ என்று எழுதினால் அவளை இழப்பேனோ என்று அஞ்சினேன். இரு என்று எழுத எனக்கு உரிமை இருக்கவில்லை. நெடுநேரம் கழித்து, என் கனிவான கையெழுத்தில், நம் விண்ணப்பம் உரிய கவனத்தில் இருக்கிறது என்று எழுதி உறையை ஒட்டினேன்.