மாலை போட்ட என் போட்டோவும் சாகத் தெரிந்த பெரியவரும்

சாவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெட்டுப்பட்டு, விஷம் குடித்து, படியில் உருண்டு, எதுவும் இல்லாவிட்டால் மகன் கைவிட்ட துக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்று எல்லா விதத்திலும் அவர் செத்து நான் பார்த்திருக்கிறேன். ஹாங்காங்கில் எடுத்த கான்டனீஸ் படங்களில் ஒரு காலத்தில் அப்பா வேஷம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். பெயர் எனக்கு வாயில் வராது. எங்கள் முதலாளியம்மா சொன்னால் அது பாட்டு மாதிரி ஏறி இறங்கி வருகிறது. நான் சொன்னால் அவர் காதைப் பொத்திக்கொள்கிறார். அதனால் நானும் என் ரூம்காரர் காக்காவும் அவரை ‘அப்பா’ என்றே வைத்துக்கொண்டோம். பெற்ற அப்பாவைப் பற்றிப் பேசியதைவிட அவரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

முதலாளியம்மாவை நாங்கள் மேடம் என்போம். ஹாங்காங்காரர், அறுபதைத் தாண்டியவர். துபாயின் ஓரத்தில் சீனச் சாமான்கள் விற்கும் பெரிய சந்தையில் குழாய், ஷவர், வாஷ்பேசின் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே சேல்ஸ்மேன். மேடத்தின் மேஜைக்கு மேலே ஒரு டிவி உண்டு. அதில் காலையிலிருந்து பழைய கான்டனீஸ் படங்கள் ஓடும். ஆங்கிலத்தில் எழுத்து வரும். கஸ்டமர் இல்லாத நேரத்தில் வாஷ்பேசின்களுக்கு நடுவில் நின்றபடி பார்த்துப் பார்த்து, இத்தனை வருஷத்தில் எந்த நடிகர் எந்த நடிகரின் சம்சாரத்தை எந்தப் படத்தில் கடத்தினார் என்பது வரைக்கும் எனக்கு அத்துப்படி.

அந்தப் படங்களை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அஜ்மானில் எங்கள் ரூமில் காக்காவுக்குப் போட்டுக் காட்டுவேன். காக்கா கீழக்கரைக்காரர், அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இங்கே பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஆங்கிலம் படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது. ஆகவே எல்லாக் குரலும் நான்தான். வில்லனுக்கு மதுரைப் பேச்சு, கதாநாயகிக்கு என் சின்ன அத்தை குரல், அப்பாவுக்கு மட்டும் ஏனோ தாழ்ந்த சாதாரணக் குரல். எழுத்தில் வருவதில் பாதியைத்தான் சொல்வேன், மீதி என் சொந்தச் சரக்கு. காக்காவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

இந்தக் காலத்து நட்சத்திரங்களை வைத்து எடுத்த புதுப் படங்களையும் பார்ப்போம், திட்டுவதற்காக. புயலடிக்கிறது, வீடு பறக்கிறது, பையனின் தலைமுடி மட்டும் அசையவில்லை. கயிறு கட்டித் தூக்கிவிட்ட உடம்பு கூரை மேல் பொம்மை மாதிரி ஓடுகிறது. பழைய ஆட்கள் நிஜமாகவே குதித்தார்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவர்கள் தவறி விழுந்ததையும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டுவதையும் காட்டுவார்கள். நான் அதுவரை எழுந்திருக்க மாட்டேன். காக்காவின் அளவுகோல் வேறு. ஒருமுறை புதுப் பையன் ஒருவன் தாயைப் பறிகொடுத்துக் கதறிக்கொண்டிருந்தான். காக்கா எழுந்து டிவி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

“அழுவுறான், மூக்கு ஒழுவலயே தம்பி. அப்ப இது அழுகையில்ல.”

அப்பா அழும்போது மூக்கு ஒழுகும். ஆனால் அவர் அழுவது அபூர்வம். பெரும்பாலும் கெட்ட சேதி வரும், அவர் டீக்கிண்ணத்தைக் கீழே வைப்பார், முகத்தில் ஒன்றும் நடக்காது. நமக்குத்தான் தொண்டை அடைக்கும். இன்றைய பையன்கள் முகத்திலும் ஒன்றும் நடப்பதில்லை. அது தோல் டாக்டரின் கைவண்ணம்.

மேடம் மட்டும் பையன்களை விட்டுக்கொடுக்க மாட்டார். அவர்களுக்கும் எலும்பு இருக்கிறது, குதித்து உடைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான், அந்தக் காலத்து ஆட்களுக்கு வேறு வழியில்லை, குதித்தார்கள், உனக்கு வேடிக்கை என்பார். சொல்லிவிட்டு மறுபடி பழைய படத்தைத்தான் போடுவார்.

இந்த வருஷம் விசா புதுப்பிக்க வழக்கம்போல மெடிக்கலுக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வழக்கமாக அதோடு கலாஸ். இந்தத் தடவை திரும்ப வரச் சொல்லி சேதி வந்தது. நெஞ்சில் ஏதோ நிழல் தெரிகிறதாம், டிபியோ என்று சந்தேகமாம். மறுபடி படம், சளி வேறு கொடுக்க வேண்டும். முடிவு பிறகு போனுக்கு வரும் என்றார்கள்.

‘அன்ஃபிட்’ என்று வந்தால் என்ன ஆகும் என்று ரூமில் கேட்டால் ஒரு சட்டம், பஸ்ஸில் கேட்டால் ஒரு சட்டம். எல்லாச் சட்டமும் விமானத்தில் போய் முடிந்தது. எனக்கு ஊருக்குப் போக இஷ்டமில்லையா என்றால், அப்படியில்லை. லீவில் போகும்போது வீட்டில் விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த தட்டில்தான் எனக்குச் சோறு வைப்பார்கள். ஒரு மாதம் அதில் சாப்பிடலாம். மிச்ச ஆயுளுக்கும் சாப்பிட முடியுமா என்று தெரியவில்லை.

என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது பார்க்க வேண்டிய காட்சி. எனக்கு இருமல் கிடையாது. ஆனால் இருக்கிறதா என்று பார்க்க இருமிப் பார்த்தேன். பாத்ரூமில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று. போனில் பதிவு செய்து, காதில் வைத்துக் கேட்டேன். இப்படிச் சோதித்துச் சோதித்துத் தொண்டை புண்ணாகி, சாயங்காலத்துக்குள் எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. பஸ்ஸில் அதை அடக்கி உட்கார்ந்திருந்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்திலிருந்த பாகிஸ்தானி பெரியவர், வீட்டில் யாருக்காவது ஏதாவதா பாய் என்று கேட்டு எனக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார்.

பயம் ஒரு நாள்தான் இந்த லட்சணத்தில் ஓடியது. பிறகு பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டேன். இருக்கிறது, ஆனால் என்னுடையது மாதிரி இல்லை. வீட்டுக்குப் போன் பேசினேன், சாப்பிட்டாச்சா என்ற கேள்விக்குச் சாப்பிட்டாச்சு என்றேன். வேறு யாரோ சாப்பிட்டதைச் சொல்வது போல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காக்காவுக்குப் படம் போட்டேன், குரல் கொடுக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். அவர் சத்தமில்லாமல் முழுப் படத்தையும் பார்த்தார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கடை டிவியில் அப்பா செத்துக்கொண்டிருந்தார். அடுத்த காட்சியில் அவர் போட்டோவுக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்தது. மேடம் என் பக்கம் திரும்பி, இந்த மாதிரிக் காட்சி எடுத்தால் நடிகருக்குக் கம்பெனிக்காரர்கள் ஒரு சிவப்புக் கவரில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுப்பார்கள் என்றார். பிணமாகப் படுத்தாலும் உண்டு, செத்தவன் போட்டோவாகச் சுவரில் தொங்கினாலும் உண்டு. கெட்டது ஒட்டாமலிருக்கத்தான் அது. வாங்கியவர் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தக் காசைச் செலவழித்துவிட வேண்டும், காட்சி முடிந்ததும் சிரித்துவிடவும் வேண்டும். அப்பாவுக்கு அப்படி எத்தனை கவர் வந்திருக்கும் என்று கேட்டேன். அதிலேயே வீடு வாங்கியிருப்பார் என்றார். நான் சிரிக்கவில்லை. மேடம் என்னை உற்றுப் பார்த்தது எனக்குத் தெரிந்தது.

இதற்கு இரண்டொரு நாள் கழித்துக் கடைக்குள் நுழைந்தேன். வாசலுக்கு நேர் எதிரே, விலை உயர்ந்த ஷவர்களுக்கு மேலே, நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி போட்ட பெரிய ஃபிரேம். உள்ளே நான் முதன்முதலில் சேர்ந்தபோது விசாவுக்கு எடுத்த போட்டோ, பெரிதாக்கியது. ஒல்லியாக, கத்தை மீசையோடு, திருட்டு முழி முழிக்கும் ஆள். அந்த ஃபிரேமைச் சுற்றி மல்லிகையும் சாமந்தியும் சேர்த்துக் கட்டிய, கையளவு தடிமனான மாலை.

மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். சங்கதி இதுதான். நான் ஒரு வாரமாகப் பேயறைந்த மாதிரி இருப்பதைப் பார்த்து எனக்குத் தெம்பு வர ஏதாவது செய்ய நினைத்திருக்கிறார். கடையில் நீண்ட நாள் இருப்பவன் நான்தான் என்பதால் என்னைக் கௌரவிப்பதென்று முடிவு. இந்தியர்கள் மதிப்புக் காட்ட என்ன செய்வார்கள் என்று யோசித்து, பர் துபாயில் கோயில் சந்துப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே கடைகளில் சாமி படத்துக்கெல்லாம் மாலை. பூக்காரரிடம் சைகையில் இருப்பதிலேயே பெரியது கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

சாமிக்குப் போடுவார்கள், உயிரோடிருக்கும் ஆளின் கழுத்திலும் போடுவார்கள், ஆளின் போட்டோவுக்குப் போட்டால் மட்டும் வேறு அர்த்தம் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தேங்க்யூ மேடம் என்றேன். அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். திடுக்கிட்டிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஃபிரேம் லேசாகச் சாய்ந்திருந்தது, அதை நேராக்கினேன்.

பதினொரு மணிவாக்கில் ஒரு பிளம்பிங் கான்ட்ராக்டர் வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், எங்கள் கடைக்குப் புதுசு. உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார், தொப்பியைக் கழற்றினார்.

“அண்ணே, இவரு எப்ப தவறுனாரு?” என்றார் என்னிடமே.

வாய் தானாகவே பதில் சொன்னது. “போன வாரம்.”

“எப்புடி?”

“மெடிக்கல்ல நெஞ்ச படம் எடுத்தாங்க. அதுலேர்ந்து ஆளு இல்ல.”

“பாவம், சின்ன வயசு.” என் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஒங்களுக்குச் சொந்தமாண்ணே? லேசா ஜாடை இருக்கு.”

“தூரத்துச் சொந்தம்” என்றேன்.

அவர் கைகூப்பிக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். எனக்காக ஒரு மனிதர் மௌனமாக நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நல்ல மனுஷனாகத்தான் இருந்திருப்பார் என்று எனக்கே பட்டது. கான்ட்ராக்டர் கண்ணைத் திறந்து, சுடுதண்ணி மிக்ஸரில் எது லீக் ஆகாது என்று கேட்டார். காட்டினேன். வாங்கிக்கொண்டு போனார், போகும்போது படத்துக்கு இன்னொரு கும்பிடு.

“பாய், க்யா ஹுவா? ஒய் ஹீ பிரேயிங்?” என்றார் மேடம்.

சொன்னேன். எங்கள் ஊரில் போட்டோவுக்கு மாலை போட்டால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம் மேடம் என்றேன். அவ்வளவு வேகமாக அவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஏணியைக்கூடக் கேட்காமல் ஒரு கிளாசெட்டின் மூடி மேல் ஏறி நின்று மாலையைக் கழற்றினார். மேஜை இழுப்பறையைக் குடைந்து, சீனப் புத்தாண்டுக்குக் கொடுத்ததில் மிச்சமிருந்த சிவப்புக் கவர் ஒன்றை எடுத்து, கல்லாவிலிருந்து பணத்தைத் திணித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். என் தோளைப் பிடித்துப் படத்துக்கு நேராகத் திருப்பினார்.

“ஸ்மைல், பாய். யல்லா, ஸ்மைல்.”

பல்லைக் காட்டினேன். படத்திலிருந்தவன் பதிலுக்குச் சிரிக்கவில்லை, விசா போட்டோவில் சிரிக்கக்கூடாது. போதாது, சத்தமாகச் சிரி என்றார். ஹா ஹா என்றேன். புதுப் பையன்கள் சிரிப்பதைவிட மோசமாக இருந்தது. மேடமும் கூடச் சேர்ந்து சிரித்தார், அவருக்கு மட்டும் கண் கலங்கியிருந்தது. மூக்கும் ஒழுகியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் சிணுங்கியது. மெடிக்கல் சேதி. ‘ஃபிட்’ என்று இருந்தது. நிழல் என்னவென்று அதில் இல்லை. எப்போதோ வந்து ஆறிய ஏதோ ஒன்றின் தழும்பாக இருக்கலாம் என்று படம் எடுத்த இடத்தில் ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். அதைத் தவிர எனக்கு இன்றுவரை வேறொன்றும் தெரியாது.

படித்தேன். போனை மேஜை மேல் வைத்தேன். அப்பா டீக்கிண்ணத்தை வைப்பது போல வைத்ததாக அப்போதே தோன்றியது, தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. துள்ளலாம் என்று காத்திருந்தேன், துள்ளல் வரவில்லை. இத்தனை வருஷமாக அவர் முகத்தில் ஒன்றும் நடக்காததை நடிப்பு என்று மெச்சிக்கொண்டிருந்தேன். ஒருவேளை அந்த மனிதருக்கும் அந்த நேரத்தில் ஒன்றும் வராமலே இருந்திருக்கலாம், கேமரா பாட்டுக்கு ஓடியிருக்கலாம்.

“ஃபிட்?” என்றார் மேடம். தலையசைத்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“குட். ஓவர் ஆக்டிங் மாஃபி” என்று, ‘இல்லை’க்கு இங்கே எல்லோரும் சொல்லும் அரபியில் சொல்லிவிட்டுக் கணக்குப் பார்க்கப் போனார்.

வீடு போவதற்குள் கவர் காலியாக வேண்டும். மேடம் அன்று என்னைச் சீக்கிரமே அனுப்பினார், மாலையையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார், கடையில் இருக்கக்கூடாதாம். பஸ் முழுக்க மல்லிகை வாசம். எல்லோரும் சுற்றிமுற்றிப் பார்த்தார்கள், நான் ஜன்னலைப் பார்த்தேன். அஜ்மானில் இறங்கி ஷவர்மா, டீ, லட்டு என்று கவரைத் தீர்த்தேன்.

காக்கா கடையைத் தம்பியிடம் விட்டு வந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கான்ட்ராக்டர் கும்பிட்ட இடத்தில் அவர் லட்டு புரையேறி இருமினார். அல்ஹம்துலில்லாஹ் என்றவர், பூ வாடிவிடும் என்று மாலையில் தண்ணீர் தெளித்து டிவியின் மேல் வைத்தார். அப்பா படம் ஒன்றைப் போடச் சொன்னார்.

கடைசிக் காட்சி வந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், மகன் காலடியில். அப்பா ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார். எழுத்து ஓடியது. நான் மாலையிலிருந்து திரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காக்கா முழங்கையால் இடித்தார்.

“அவரே இன்னும் சாவல. நீ ஏன் வாயப் பொத்திக்கிட்டு இருக்க?”

தொண்டையைச் செருமினேன். இருமல் இல்லை. எழுத்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தெரியவில்லை, அதனால் என் சொந்தச் சரக்கில் ஆரம்பித்தேன். தாழ்ந்த, சாதாரணக் குரலில், “சாப்பிட்டியாப்பா?” என்றேன்.