தயிர் உறையாத வாரம்

தயிர்த் தொழிலில் பால் நம்முடையது, மெஷின் நம்முடையது, வேலையைச் செய்வது மட்டும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. தொண்ணூற்றெட்டிலிருந்து சில வருஷம் தேனிப் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணையில் லேப் வேலை பார்த்தேன். காலையில் பாத்திரத்தைத் திறந்து, ராத்திரி உறை ஊற்றிய பால் பாலாகவே இருப்பதைப் பார்த்து நொந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்களுக்கு ஒரு பாத்திரம். எனக்கு ஓர் அறை நிறையப் பாக்கெட்.

கோம்பையிலிருந்து போன்

உறை ஊற்றிய பாலைப் பாக்கெட்டில் அடைத்துச் சூடான அறையில் அடுக்குவோம். பாக்கெட்டுக்குள்ளேயே அது தயிராகும். ஒரு சித்திரை மாதத் திங்கட்கிழமை அது தயிராகவில்லை. யாரும் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஏழு மணிக்குக் கோம்பை ஏஜெண்ட் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. "தயிர் ருசியாத்தான் இருக்கு சார். கூடவே ஸ்ட்ராவும் அனுப்புனீகன்னா வித்துருவேன்."

மேனேஜர் கை

உறை அறைக்குப் பொறுப்பு பேச்சியம்மாள். காய்ச்சி ஆறிய பாலில் முந்தின நாள் உறையில் ஒரு கரண்டி ஊற்றி, அடுத்த நாளைக்கான உறையைத் தயார் செய்வார். ஆறு வருஷமாக அதே உறை, அதே கை. செவ்வாய்க்கிழமையும் தயிர் உறையாததால், அந்தக் கைக்கு ராசி போய்விட்டது என்று மேனேஜர் முடிவு கட்டினார். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

புதன்கிழமை மேனேஜரே குளித்து, விபூதி பூசி வந்து உறை ஊற்றினார். வியாழக்கிழமையும் பால் பாலாகவே இருந்தது. ஒரு பாக்கெட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேச்சி தொட்ட கரண்டியில ஊத்துனேன்ல, அதான்."

கிருமிக்கும் சீக்கு

அன்றே மதுரையில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குப் போன் போட்டேன். உறையில் இருக்கும் பாக்டீரியாவையே பிடிக்கிற வைரஸ் உண்டு என்றார். மனிதர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரே உறையைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் மளமளவென்று பெருகும். பழைய உறையைக் கொட்டி, அறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, வேறு ரக பாக்டீரியா உள்ள உறையில் தொடங்கச் சொன்னார். இதைப் பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "கிருமிக்குச் சீக்கு வந்தா அதுகளும் யாரு கையவாச்சும் கொறை சொல்லுமா சார்?"

யார் கொண்டுவந்தது

பேராசிரியர் இன்னொன்றும் கேட்டிருந்தார். உறையாத பாக்கெட்டுகளை எங்கே வைத்துப் பிரிக்கிறாய்? பேச்சியம்மாளின் மேஜையில்தான். புளிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தினமும் அங்கே பிரித்து, அவர் உறைக் கரண்டியாலேயே கலக்கினேன். உறையாத பாக்கெட் ஒவ்வொன்றிலும் வைரஸ் நிறைந்திருக்கும். முதல் நாள் அது எப்படி வந்ததோ தெரியாது. மற்ற நாளெல்லாம் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், பேச்சியம்மாள் டிபன் தூக்கைக் கழுவிக் கையில் எடுத்துக்கொண்டபோதுதான் அந்தக் கரண்டியோடு மேனேஜரிடம் போய் ஒத்துக்கொண்டேன். அவர் என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சியம்மாளைப் போகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அறையைக் கழுவி, மதுரையிலிருந்து வந்த புது உறையைப் பேச்சியம்மாளே ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று உறை அறைக்குப் போனேன். கதவில் கையை வைத்து மறித்தார். "உள்ள வராதீக சார். என்ன வேணும்னாலும் அங்கன ஜன்னல்கிட்ட நின்னு கேளுங்க, எடுத்துத் தர்றேன்."

அங்கே இருந்த மிச்ச வருஷமெல்லாம் லேப் பொறுப்பாளனாகிய நான் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றேன், தயிர் ஒரு நாளும் தவறவில்லை.