நான் பிடுங்கவிடாத ஆறு செடிகள்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதம். காரைக்காலில் தங்கி ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்த நான், சுரக்குடியில் ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போனேன்.

கத்தரியில் சிற்றிலை நோய் என்று ஒன்று வரும். பைட்டோபிளாஸ்மா என்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமி உள்ளே புகுந்துவிட்டால் இலையெல்லாம் சிறுத்து, செடி புதர் மாதிரி அடர்ந்துவிடும். காய் பிடிக்காது. அந்த நேரத்தில் செடி தன் புரதங்களை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

தோட்டக்காரப் பெண்ணுக்கு என்னைவிட ரெண்டு மூணு வயது கூட இருக்கும். கணவர் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். கத்தரி முழுக்க அந்த அக்கா பொறுப்பு. நான் போனபோது நோய் கண்ட செடிகளைப் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். ஆறே ஆறு செடி. நான் பதறிப்போய்த் தடுத்தேன். பத்து நாளைக்கு ஒரு தடவை வந்து அதே செடிகளில் இலை எடுக்கவேண்டும், பங்குனி வரை விட்டுவையுங்கள் என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "பக்கத்துச் செடிக்கு ஒட்டிக்காதுங்களா?"

"ஆறு செடிதானேக்கா, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது இந்த நோயைச் செடிவிட்டுச் செடி பரப்பும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். ஆனால் வேறு தோட்டம் தேட எனக்குப் பொறுமையில்லை.

அந்த ஆறிலும் சிவப்பு ரிப்பன் கட்டினேன். சொன்னபடி வந்து இலை பறித்து, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போனேன். சோதனை அருமையாக அமைந்தது. நோய் முற்ற முற்ற, வெயிலிலிருந்து உணவு தயாரிக்கும் புரதங்கள் குறைந்தன. எதிர்த்து நிற்க உதவும் புரதங்கள் சில கூடின. இருப்பதையெல்லாம் போராட்டத்துக்கே கொடுக்கிறது செடி என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். பக்கத்து வரிசைகளில் இலை சிறுக்க ஆரம்பித்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

பங்குனியில் கடைசியாகப் போனபோது தோட்டம் பாதிக்குமேல் வெறும் மண்ணாகக் கிடந்தது. பிடுங்கிய செடிகள் வரப்போரம் குவிந்திருந்தன. அந்த வெறும் மண்ணுக்கு நடுவில் ரிப்பன் கட்டிய ஆறு மட்டும் நின்றன.

"உங்க செடியைத் தொடலங்க, எடுத்துக்குங்க" என்றார்.

இலை நறுக்கக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் அப்படியே கீழே போட்டுவிட்டேன். பூச்சி பரப்பும் என்று முதல் நாளே தெரியும், தெரிந்துதான் ஒன்றும் ஆகாது என்றேன் என்று சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த ஆறையும் தொட்டியில மாத்தி, வலை கட்டிக் குடுத்திருப்பேனே" என்றார்.

அன்றைக்கு இலை எடுக்கவில்லை. ஆறையும் நானே பிடுங்கினேன். மீதி நோய்ச்செடிகளையும் இருவருமாகப் பிடுங்கி எரித்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

பட்டம் கிடைத்துவிட்டது. இப்போதும் வயல்களுக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லி, அவர்கள் யோசித்துச் சரி என்ற பிறகே இலையைத் தொடுகிறேன்; ஆனாலும் அன்றைக்கு அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லாமல் போனது இன்னும் என்னைக் குத்திக்கொண்டுதான் இருக்கிறது.