லண்டன் – பினாங்கு: கல்லறைத் திருநாளுக்கு ஒரு பயணம்

லண்டனிலிருந்து பினாங்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பள்ளித் தோழிகள் கேட்டால், விமானத்தில் மட்டும் பதினான்கு மணி நேரம் என்பேன். அந்தக் கணக்கை நம்பித்தான் கடந்த நவம்பரில் அப்பாவும் நானும் கிளம்பினோம். அம்மா இறந்து, அப்பாவுக்கு லண்டனில் வேலை கிடைத்து, பினாங்கில் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்தபோது எனக்கு ஒன்பது வயது. இப்போது பதினைந்து. நடுவில் ஒரு கல்லறைத் திருநாளுக்குக்கூட ஊரில் இருந்ததில்லை. அந்த நவம்பர் இரண்டாம் தேதி அம்மாவின் கல்லறையில் நானே மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் என்பதுதான் பயணத்தின் ஒரே காரணம்.

முதல் தேதி மதியம் இரண்டு மணிக்கு விமானம் ஏறினோம். கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர், பதின்மூன்று மணி நேரம். மலேசிய நேரம் எட்டு மணி முன்னால் இருப்பதால், இறங்கியபோது இரண்டாம் தேதி காலை பதினொன்று. பினாங்கு விமானம் ஒன்றரைக்கு, ஒரு மணி நேரப் பயணம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பது ஐந்து மணிக்கு. தாராளமாகப் போய்விடலாம்.

இங்கே அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லண்டனிலும் அதில் பினாங்கு நேரம்தான் ஓடும். "இப்ப ஆயர் ஈத்தாம் பசார்ல கூட்டமா இருக்கும்" என்று அதைப் பார்த்துச் சொல்வார். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, இங்கிலாந்தில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் ஞாயிறு வந்தது. வீட்டுக் கடிகாரங்களோடு சேர்த்து அப்பா இதையும் தள்ளிவிட்டார்; அன்றிலிருந்து அது பினாங்கு நேரத்துக்கு ஒரு மணி பின்னால் ஓடியது. அதை நம்பி நாங்கள் நிதானமாகத் தே தாரிக், அந்த ஊர் ஆற்றிய பால் தேநீர், குடித்துக்கொண்டிருந்தபோது பினாங்கு விமானம் போய்விட்டது.

"ஏர்போர்ட் முழுக்க மணி காட்டுது. நீங்க கையையே பாத்துட்டு இருந்தீங்களாப்பா?"

"நீ மட்டும்? புக்லேர்ந்து தலைய தூக்கினியா லா?"

ஐந்து மணி விமானத்தில்தான் இடம் கிடைத்தது. புதுச் சீட்டு ஆளுக்கு 240 வெள்ளி (ரிங்கிட்). ஆறு மணிக்கு இறங்கினோம். கல்லறைத் தோட்டத்துக்குப் பதினாறு கிலோமீட்டர், டாக்சிக்கு 40 வெள்ளி. பாதி வழியில் வண்டிகள் அசையாமல் நின்றன.

"வேற ஜாலான் இல்லையாண்ணே?" என்றார் அப்பா.

"எல்லாம் ஜாம்தாண்ணே. லண்டன்லேர்ந்து பறந்து வந்துட்டீங்க, இங்கதான் பறக்க முடியாது லா." ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தங்கச்சி, அழாதம்மா. எட்டு மணி வரைக்கும் ஆளுங்க இருப்பாங்க."

வலப்பக்கம் கடல் இருண்டுகொண்டு வந்தது. அம்மாவின் மடியில் உட்கார்ந்து பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்த அதே கடல். அவர் கப்பல்களை எண்ணச் சொல்வார். நான் எண்ணி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

ஏழு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். தோட்டம் முழுக்க வெளிச்சம். அம்மாவின் கல்லறை மட்டும் இருட்டாக இருந்தது. கழுவித் துடைத்து, சாமந்தி வைத்து, நடுவில் ஒரு மெழுகுவத்தி நின்றது, ஏற்றவில்லை. பக்கத்தில் அம்மாவின் தங்கை, என் சித்தி, நின்றிருந்தார்.

"ஏன் சித்தி ஏத்தல? மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா? ஆறு வருசமா நான்தான ஏத்தறேன். இன்னிக்கு நீ வரேன்ன. பக்கத்துக் கல்லறைக்காரங்க நாலு பேரு, பாவம் இருட்டா இருக்கேன்னு லைட்டரோட வந்தாங்க. எல்லாரையும் வெரட்டிட்டேன் லா!"

லைட்டரை என் கையில் கொடுத்தார். காற்றில் இரண்டு முறை அணைந்தது. அப்பா உள்ளங்கைகளைக் குவித்து மறைத்துக்கொண்டதும் திரி பிடித்துக்கொண்டது.

இதே வழியில் வருகிறவர்களுக்கு: பதினான்கு மணி நேரம் என்பது பறக்கும் நேரம் மட்டுமே. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து எங்களுக்கு இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. திருநாளுக்கு ஒரு நாள் முன்பே வந்துவிடுங்கள். மாலையில் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நாங்கள் கிளம்பியபோது மற்றக் கல்லறைகளில் மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அம்மாவுடையது பாதிகூட உருகியிருக்கவில்லை.