ஜாம் பாட்டிலில் சேர்த்த முடி

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது, டைபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு மாதத்தில் முடி கொட்டத் தொடங்கியது. மிச்சமிருந்தது நூல் நூலாகச் சிக்குப் பிடிக்கும்; உச்சந்தலையில் விரல் பட்டாலே எரியும். அம்மா பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தாள். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்திருந்தாள்.

தினமும் காலையில் அத்தை என்னை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி உட்காரவைத்து, மரச்சீப்பை உச்சியில் பதித்து ஒரே இழுப்பாக நுனிவரை இழுப்பாள்.

"வலிக்குது அத்தே."

"வலிச்சா வலிக்கட்டும். பேசாம உக்காரு."

அசைந்தால் சீப்பின் முதுகால் மண்டையில் ஒரு தட்டு விழும். சீப்பின் பல் பதிந்த இடமெல்லாம் புண்ணாகியிருந்தது.

கீழ்வீட்டில் ஒரு வங்காளிப் பெண்மணி இருந்தாள். அவர்கள் வழக்கப்படி சித்தியைக் கூப்பிடுவதுபோல், காக்கிமா என்று கூப்பிடுவேன். ஒருநாள் படிக்கட்டில் என் தலையைப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் தம்பி கொண்டுவந்த பிரஷ் ஒன்று அவளிடம் இருந்தது. அடியில் மெத்தென்ற ரப்பர். அதில் நட்டிருந்த பற்கள் சிக்கில் பட்டதும் வளைந்து கொடுத்தன. முடியை நடுவில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனாள். "ஆஸ்தே, ஆஸ்தே," மெதுவாக, மெதுவாக என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வலிக்கவே இல்லை. பிரஷ்ஷை எனக்கே கொடுத்துவிட்டாள்.

மூன்று நாள்தான் வைத்திருந்தேன். நான்காம் நாள் பள்ளி விட்டு வந்தபோது அத்தை அதைக்கொண்டு பாத்திரம் கழுவும் அங்கணத்துப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டவ தலையில போட்டத வீட்டுக்குள்ள கொண்டாராத," என்றாள்.

நான் அழவில்லை. மறுநாளிலிருந்து சீப்பில் வந்த முடியையெல்லாம் உருட்டி, காலி ஜாம் பாட்டிலில் போட்டு, பாடப்புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தலையணையில் தானாக உதிர்ந்ததையும் விடவில்லை. 'பிள்ளையின் தலையைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கிறேன்' என்று அத்தை அம்மாவுக்கு எழுதுவாள். இன்லாண்டு லெட்டரை ஒட்டித் தபாலில் போடுவது என் வேலை. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.

அம்மா தம்பியோடு வந்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைப் பார்க்க எங்கள் பிளாக்கின் தமிழ்ப் பெண்கள் கூடியிருந்தார்கள். அத்தை காபி கொடுத்தபடியே தான் பட்ட பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் கவிழ்த்தேன்.

"அத்தை இழுத்ததும்மா. அத்தனையும்."

அம்மா என் தலையைக் குனியவைத்து, முடியை விலக்கி, புண்களைப் பார்த்தாள்.

"அது காய்ச்சல்ல கொட்டுன முடி. சத்தியமா நான் அவ்வளவு இழுக்கல," என்றாள் அத்தை. ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். அவள் சொன்னதில் பாதி உண்மை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

"இனிமே நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க ஊருக்குக் கெளம்புங்க," என்றாள் அம்மா. குரலை உயர்த்தக்கூட இல்லை.

ஹௌராவில் ரயிலேற்ற அப்பா என்னையும் அழைத்துப்போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவது எனக்குப் பிடித்திருந்தது. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை.

"போயிட்டு வாங்கன்னு சொல்லும்மா," என்றார் அப்பா.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போங்க அத்தே," என்றேன்.