செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் வந்த மெசேஜ்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில் தொடங்கியது இது. நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் செகண்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் நைட். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். எதையும் எளிதில் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள். பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் தேதி பார்த்துத்தான் வாங்குவேன். வீட்டில் எனக்கு சி.ஐ.டி. என்றே பட்டப்பெயர்.

ஒரு நாள் நாலு மணிவாக்கில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். 'பச்சைப் புடவை உங்களுக்கு எடுப்பா இருக்கு.' சற்றுமுன்தான் பச்சைப் புடவையில் மெயின் பஜார் போய் நூல்கண்டு வாங்கி வந்திருந்தேன். அழித்துவிட்டேன். மறுநாள், 'இன்னைக்கு ஏன் கடைக்குப் போகல?' அதையும் அழித்தேன். யார் கண்ணிலாவது பட்டால் என்னைத்தான் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்ற பயம். நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரில் வந்தது.

அப்புறம் ஒரு மாலை, பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். கொடியில் காய்ந்த என் புடவைகள் மட்டும் அழகாக மடித்துப் படியில் வைக்கப்பட்டிருந்தன. கணவர் சட்டையும் என் மகளின் பாவாடையும் கொடியிலேயே கிடந்தன. அந்தப் புடவைகளைத் தொடவே மனசு வரவில்லை.

யாராக இருக்கும்? என் கண் நேராகப் போனது, எங்கள் வீட்டுப் பின்னால் புல் வெட்டுகிறவர் மேல்தான். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சைக்கிளில் வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி. நாற்பது வயதிருக்கும். கொஞ்ச நாளாகவே வேலையை நிறுத்திவிட்டு எங்கள் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். மறுநாள் அவரே பின்வாசல் வரைக்கும் வந்து, "அம்மா, ஒரு சேதிங்க…" என்று ஆரம்பித்தார். நான் கதவைப் படாரென்று அவர் முகத்தில் சாத்தினேன். என்ன துணிச்சல், வாசலுக்கே வந்துவிட்டானே!

அன்றே கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கான்ட்ராக்ட் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த நாள் காலையில் அந்த ஆள் வேலையில் இல்லை. சி.ஐ.டி.க்கு ஒரே பெருமை.

இரண்டு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்றாவது வாரத் திங்கட்கிழமை, மூன்றரை மணிக்கு மறுபடி வந்தது. 'புல்லு வெட்டுறவன தொரத்திட்டீங்களே, பாவம்.'

இந்த முறை அழிக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். நாங்கள் புகார் சொன்ன விஷயம் வெளியில் யாருக்குத் தெரியும்? சமையலறையில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். கணவருக்கு எந்த வாரம் என்ன ஷிஃப்ட், யாருக்கு எந்தத் தேதியில் பிளவுஸ் தரவேண்டும் என்று எல்லாம் அதில்தான் குறிப்பேன். அதை வைத்து எந்த மெசேஜ் எந்த நாள் வந்தது என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் புள்ளி வைத்தேன். எல்லாப் புள்ளிகளும் செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் விழுந்தன. எல்லாமே மூன்று மணிக்கு மேல்.

அந்த வாரங்களில் இரண்டு நாள் மட்டும் புள்ளி இல்லை. அந்த இரண்டு நாளும் கணவர் காய்ச்சலில் லீவு. பைக் மெக்கானிக்கிடம் இருந்ததால் வாசலில் வண்டி இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவர் டியூட்டிக்குப் போய்விட்டதாகத்தான் தோன்றும். ஆனால் அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அப்படியானால் அவன் வீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் வேலைக்கு வந்தாரா இல்லையா என்று டியூட்டியில் பார்த்திருக்கிறான்.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஷிஃப்ட் ஆள் நேரில் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டால்தான் முந்தைய ஷிஃப்ட் ஆள் கிளம்ப முடியும். என் கணவர் மதியம் யாரிடம் பொறுப்பை வாங்குகிறாரோ, அவருக்குத்தான் உறுதியாகத் தெரியும், இனி எட்டு மணி நேரம் இவர் வீட்டுக்கு வரமாட்டார் என்று. அவர் எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சாப்பிட்டவர். என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுகிறவர்.

கணவர் நம்பவில்லை. "அவரா? பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கிற மனுஷன். உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்."

"புல்லு வெட்டுறவர் விஷயத்தை சூப்பர்வைசரைத் தவிர நீங்க வேற யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் காலண்டரைக் கையில் எடுத்துப் புள்ளிகளைப் பார்த்தார். "அவர்கிட்ட மட்டும்தான்" என்றார். அப்புறம், "நாளைக்கும் நான் போய்த்தான் அவரை ரிலீவ் பண்ணணும்" என்றார்.

மறுநாள் காலை ஸ்கூட்டியில் நான் மட்டும் வடக்குத்துக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். புல் வெட்டுகிறவரின் மனைவி வெளியே வந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் சுண்டிவிட்டது.

"இன்னும் இன்னா வோணும்? எம்மாம் வருசமா பாத்துக்கினு இருந்த வேல. உங்க ஒரு பேச்சுல போச்சு. ஊரு முழுக்க இவர இன்னா சொல்லிக்கினு திரியுது தெரியுமா?"

தவறு செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். உள்ளேயிருந்து அவர் வந்தார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கூசியது.

"பைக்குல ஒரு சாரு வருவாருங்க. வேலியாண்ட முள்ளுமரத்துக்குப் பின்னால வண்டிய நிறுத்திக்கினு உங்க வூட்டயே பாத்துக்கினு இருப்பாரு. கொடித்துணிய மடிச்சு வச்சதயும் பாத்தன். அதச் சொல்லத்தான் வந்தன். நீங்க கதவ சாத்திட்டீங்க."

நானும் கணவரும் மகளிர் காவல் நிலையம் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி காலண்டரையும் போனையும் வாங்கிப் பார்த்தார். "முதல் மெசேஜையெல்லாம் ஏம்மா அழிச்சீங்க? பின்னாடியே சுத்துறதும், வேண்டாம்னாலும் விடாம மெசேஜ் அனுப்புறதுமே குற்றம்தான். கையைப் பிடிச்சு இழுக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல" என்றார். நான் அழுதுவிட்டேன். அத்தனை வாரமும் இது புகார் கொடுக்கிற அளவுக்குப் பெரிய விஷயமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் பரவியதும் என் கணவருடன் வேலை பார்ப்பவர்கள் வரிசையாக வீட்டுக்கு வந்தார்கள். நல்லாத் தெரியுமா என்றார்கள். ஆதாரம் இருக்கா என்றார்கள். பெர்மனன்ட் ஆள், ஒரு குடும்பமே கெட்டுப்போகும், பேசித் தீர்த்துக்கலாமே என்றார்கள். நீங்கள் சிரித்துப் பேசியிருப்பீர்கள், அவர் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார் என்று ஒரு பெண்மணியே சொன்னார். ஒரு கட்டத்தில் எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது.

புல் வெட்டுகிறவர் ஆடவில்லை. கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு நிலையத்துக்கு வந்தார். வண்டி நம்பர் முதற்கொண்டு சொல்லி, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டார். அந்த மெசேஜ்கள் வந்த சிம் கார்டுகள் என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிட்ட அந்த மனிதரிடமிருந்தே கிடைத்தன. வழக்கு பதிவாகி இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. நான் தனியாகக் கடைக்குப் போய்வருகிறேன். திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

கணவர் எத்தனையோ பேரைப் பிடித்துப் பார்த்தார். அந்த இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள். புல் வெட்டுகிறவருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

அந்தப் பெரிய மனிதர் மேல் நான் சொன்ன புகாருக்குத் தேதி, நேரம், மெசேஜ், சாட்சி என்று அத்தனையும் கேட்டார்கள், கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். ஆனால் புல் வெட்டுகிறவர் மேல் நான் சொன்னபோது யாருமே என்னிடம் எதையும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.